சுவரின்றிச் சித்திரமோ?

கடலின் மேற்பரப்பைக் கண்டு களித்தவர் பலர். அதன் அடியிற் சென்று ஆங்குள்ள காட்சிகளைக் காணும் பேறு பெற்றவரோ முன்னாளிற் சிலரே. இக்காலத்தே அந்நிலை மாறிவிட்டது. முதுகிற் காற்றுக் குப்பியைச் சுமந்து நீரினுள் மூழ்கும் ஸ்கூபா முறையைச் சில நாட்களிற் கற்பிக்கும் நிலையங்கள் அந்தமானிலும் புதுச்சேரியிலும் உள. நம் மாணவருட் சிலரும் விடுமுறையில் அங்குச் சென்று பயின்று வருகின்றனர். அவர்களிற் பெரும்பாலார் முதல் நாளே எழுப்பும் வினா, "காமிராவை என்று எடுத்துச் செல்லலாம்?" என்பது. அவ்வினாவிற்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். அசையாது நீரில் நிற்கக் கற்கும் வரையிற் காமிரா கரையிலேயே இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வேமத் விரிகுடாவில் வில்லியம் தாம்ஸன் என்பார், பெட்டியொன்றில் அடைத்த காமிராவைப் படகிலிருந்து நீருள் இறக்கிப் படமெடுத்தார். 1893-இல் பிரான்சு தேயத்து லூயி பூத்தான் தாமே மூழ்கிப் படம் பிடித்தார். 1926-இல் அமெரிக்காவின் புளோரிடாவையடுத்த கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர், நீர்மேல் மிதந்த தெப்பத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி, அவ்வொளியால் மீன்களை இயற்கை வண்ணத்திற் பதித்தனர். 1943-இல் கூஸ்தோ, கக்நான் என்னும் இருவரும் மூழ்குவோன் தானே சுமந்து செல்லத்தக்க காற்றுக் கருவியை அமைத்த பின்னரே இக்கலை பொதுமக்கள் கைக்கு எட்டும் வழி பிறந்தது. இந்நாளிலோ சட்டைப் பையில் அடங்கும் காமிராவும் நீரிற் படமெடுக்கின்றது. கருவி எளிதாயிற்று, கடல் எளிதாகவில்லை.

என்னை? நீர் ஒளியை விழுங்குவது. 5 மீட்டர் ஆழத்திற்குள்ளாகவே சிவப்பு நிறம் பெரிதும் மங்கிவிடும். செம்மீனும் சாம்பல் நிறமாய்த் தோன்றும். ஒளி நீரில் வளைதலால் 4 அடி தொலைவிலுள்ள பொருள் 3 அடியில் இருப்பது போலக் காணும். இடையில் மிதக்கும் நுண்துகள்களோ, விளக்கொளி பட்ட அளவிற் படமெங்கும் வெண்புள்ளிகளாய்ச் சிதறும். இம்மூன்று குறைகளுக்கும் முதன் மருந்து ஒன்றே: பொருளை நெருங்குதல். மீனுக்கும் லென்ஸுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைத்தாலன்றி நல்ல படம் வாராது. பவளங்களினிடையே ஒரு முழ தூரத்தில், எதனையும் தீண்டாது அசைவற்று நிற்றல் தொடக்கக்காரனுக்கு இயலுமோ?

அன்றியும் உயிர்க்கேடு ஒன்றும் உண்டு. தரையிற் படமெடுப்போர், கை நடுங்காதிருத்தற்பொருட்டுப் பொத்தானை அழுத்துங்கால் மூச்சை அடக்குவது வழக்கம். கடலில் இவ்வழக்கம் பகையாகும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலிருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கு நிறைய மூச்சை இழுத்து அடக்கியவன், நுரையீரல் நிறைந்தமையாலேயே மெல்ல மேலெழுவான். மேலெழுந்தோறும் உள்ளிருக்கும் காற்று விரியும். மூச்சை விடாது மேற்பரப்பை எய்துவானாயின் அக்காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆதலின் ஸ்கூபா மாணாக்கன் கற்கும் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. அவன் கையிற் காமிராவைக் கொடுப்பதோ அவ்விதியை மறக்கச் செய்வதாகும்.

இதனை ஏட்டிற் படித்து எழுதுகின்றேனல்லேன். அந்தமானில், 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்ற ஹேவ்லாக் தீவில் யான் பயின்றபொழுது, ஐந்தாம் மூழ்கலிலேயே நண்பரொருவரின் காமிராவை இரவல் பெற்றுச் சென்றேன். கடற்சாமந்தியின் இதழ்களினிடையே கோமாளி மீனொன்று எட்டிப் பார்த்தது. கண் முழுதும் அதன்மேல் வைத்து நெருங்கினேன். என் காலின் துடுப்பு பின்னாலிருந்த மான்கொம்புப் பவளத்தில் மோதிற்று. திரும்பிப் பார்த்தேன், கையளவு கிளையொன்று முறிந்து கிடந்தது. எனக்கு வழிகாட்டியாய் வந்த ஆசிரியர் ஒன்றும் சைகை செய்திலர். என் காற்றளவு மானியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதன் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. யான் அதனை ஒருமுறையேனும் நோக்கினேனல்லேன். கரையேறிப் படத்தைப் பார்த்தால், நீலக் கலங்கலில் வெண்புள்ளிகள். மீனின் வால் மட்டும். அவ்வாலுக்கு யான் கொடுத்த விலை, உயிருள்ள ஒரு கிளை. பாறைபோற் பருக்கும் பவளங்கள் ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்வன. நம் நாட்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் பவளங்களும் 2001-இல் சேர்க்கப்பட்டன. சட்டம் அறியாதபடி நிகழ்ந்த பிழையாயினும் என் நெஞ்சம் அறியும்.

நிற்க. "காமிரா இன்றேல் கண்டதைப் பிறர்க்குக் காட்டுவது எங்ஙனம்? அதனாற் பயனும் இல்லையோ?" என வினவுவார் உளர். பயன் உண்டு; அதனை மறுப்பேனல்லேன். திமிங்கிலச் சுறாவின் உடலிலுள்ள புள்ளிகள், மனிதர் கைரேகைபோல் ஒவ்வொன்றிற்கும் வேறுவேறாம். மூழ்குவோர் எடுத்தனுப்பும் படங்களைக்கொண்டே அவற்றை அடையாளங்கண்டு ஆராய்ச்சியாளர் கணக்கெடுக்கின்றனர். எனினும் அத்தகைய படம் தருவோன், நீரில் நிலைபெற்றவனே. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதல் வேண்டும்?

நம் தூத்துக்குடியில் 1961-இல் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைப் பற்றி ஒரே மூச்சில் இறங்கிய அம்மாந்தர், மேலே கயிறு பிடித்து நின்ற துணைவனை நம்பியே இறங்கினர். தன் மூச்சின் அளவை அறிதலும் துணைவனை மறவாமையும் அவர்தம் முதற்பாடங்கள். காற்றுக் குப்பி வந்தபின்னும் அப்பாடங்கள் மாறவில்லை.

ஆதலின் இளம் நண்பர்களே, முதலில் வெறுங்கையோடு மூழ்குக. கைகளை வீசாது, மேலெழாது, கீழ்த்தாழாது, மூச்சின் ஏற்ற இறக்கத்தாலேயே ஓரிடத்திற் சில நிமிடங்கள் நிற்கப் பழகுக. பின்னர்ச் சிறிய காமிராவொன்றைக் கயிற்றால் உடையோடு பிணைத்துக்கொள்க. அதன் உறையை முதலில் வெறுமையாகவே நீரில் அமிழ்த்திச் சோதிக்க. ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை சிக்கினும் கடல் உட்புகும். விளக்கை லென்ஸை ஒட்டி வையாது பக்கத்தே தள்ளிப் பிடிக்க. ஒவ்வொரு படத்திற்கு முன்னும் காற்றளவையும் துணைவனையும் நோக்குக. தீண்டாமல் அணுகவியலாத இடத்திற் படத்தைக் கைவிடுக.

யான் சென்ற ஆண்டு மீண்டும் அத்தீவிற்குச் சென்றேன். காமிரா கையிலிருந்தது. கோமாளி மீனும் கண்ணிற்பட்டது. அதனைச் சுற்றிலும் பவளம் நெருங்கியிருந்தமையால் தொலைவில் நின்று பார்த்துவிட்டு மீண்டேன். அப்படம் என்னிடம் இல்லை. அதனால் எனக்கு வருத்தமும் இல்லை.