"டேட்டா போயிட்டுது" என்று கையை விரிப்பவர்களுக்கு



நீளமான பதிவுதான். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் பழைய மாணவர் சங்கத்துக்காரர்களும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள், காசு சேர்க்கிறது நீங்கள்தானே.

எங்கள் பாடசாலையின் ஒன்லைன் கற்றல் தளம் இரண்டு கிழமையாகப் படுத்துக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊருக்குள் மூன்று காரணம் உலாவியது. பிள்ளைகளின் போனில் டேட்டா போதாதாம். டீச்சர்மாருக்குப் பாவிக்கத் தெரியாதாம். ஓசி மென்பொருள் என்றால் இப்படித்தானாம். மூன்றும் பொய்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் தளம் ஓடுவது மூடிலில். 2002 இல் அவுஸ்திரேலியாவில் மார்ட்டின் டூஜியாமாஸ் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் படிப்பதும் இதில்தான். அங்கே ஓடுவது இங்கே ஓடவில்லை என்றால், பிழை மென்பொருளில் இல்லை, அதைப் பூட்டிய விதத்தில்.

தரம் 11 பிள்ளைகள் விடைத்தாளைப் போனில் படம் பிடித்து ஏற்றினார்கள். ஏறவில்லை. "ஸேர், ஏறுதில்ல" என்றார்கள். நாங்கள் என்ன சொன்னோம்? "சாட்டுச் சொல்லாதீங்க" என்றோம். ஆம், நாங்கள்தான் சொன்னோம், ஒளிக்க ஒன்றுமில்லை. சில பிள்ளைகளுக்கு ஒப்படைப் புள்ளியும் வெட்டினோம். தளத்தை அமைத்த நிறுவனத்திடம் கேட்டால், "இணைப்பு ஸ்லோ, எல்லாத்தையும் ஒருக்கா நிப்பாட்டிப் போடுறோம்" என்றார்கள். போட்டார்கள். அடுத்த நாள் காலை பார்த்தால் தளம் புத்தம் புதிதாக வெறுமையாக நிற்கிறது. பாடம் இல்லை, பிள்ளைகள் இல்லை, புள்ளி இல்லை. "டேட்டா போயிட்டுது, திரும்ப இன்ஸ்டோல் பண்ணணும்" என்று ஒரு விலைக் கடிதமும் வந்தது.

சேவருக்கு வாடகை கட்டுவது பாடசாலை. பாஸ்வேர்ட் அவர்களின் கையில். அதை வாங்கவே எங்களுக்கு நான்கு நாள் போனது.

உள்ளே போய்ப் பார்த்தோம். தளம் டொக்கர் கொன்டெய்னர்களில் ஓடுகிறது. அதில் தவறில்லை, இன்று உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் கொன்டெய்னர் என்பது வாடகைக்கு எடுத்த கல்யாண ஹோல் மாதிரி. 'டொக்கர் கொம்போஸ் டவுன்' என்று கட்டளை கொடுத்தால் ஹோலைக் கழுவித் துடைத்து விடும். வீட்டுச் சாமானை அங்கே வைக்கக் கூடாது. வெளியே 'வொலியூம்' என்று ஓர் அலுமாரி வைத்து, தரவுகளை அதற்குள் பூட்ட வேண்டும். கொம்போஸ் கோப்பில் அதற்கு இரண்டு மூன்று வரி போதும். அந்த வரிகளை அவர்கள் எழுதவே இல்லை.

இனித்தான் வயிற்றெரிச்சல். தரவுத்தளம் மரியாடிபி. அதன் கொன்டெய்னர், நீங்கள் பெயர் வைத்து வொலியூம் கொடுக்காவிட்டாலும் தானாக ஒன்றை உருவாக்கிக் கொள்ளும். பெயருக்குப் பதிலாக 64 எழுத்தும் இலக்கமும் இருக்கும். 'டவுன்' கொடுத்தாலும் அது அழியாது, அநாதையாகக் கிடக்கும். புதிய கொன்டெய்னர் புதிதாக ஒன்றைத் திறப்பதால் தளம் வெறுமையாகத் தெரியும். 'டொக்கர் வொலியூம் எல்எஸ்' என்று ஒரு வரி அடித்தோம், பழையது கிடந்தது. முதலில் அதை அப்படியே பிரதி எடுத்தோம். பிறகு அதே பதிப்பு மரியாடிபியில் பிரதியைப் பூட்டித் திறந்தோம். அல்ஹம்துலில்லாஹ், புள்ளிகள் எல்லாம் இருந்தன. "போயிட்டுது" என்று விலை எழுதியவர்கள் இந்த ஒரு வரியை அடித்துப் பார்க்கவில்லை. சேவரில் இடம் காணாது என்று யாராவது பாவிக்காத வொலியூம்களைத் துப்புரவு செய்திருந்தால் அதுவும் மண்ணாகியிருக்கும்.

பிள்ளைகள் ஏற்றிய கோப்புகள் திரும்பவில்லை. மூடில் கோப்பின் பெயரைத் தரவுத்தளத்திலும், கோப்பை 'மூடில்டேட்டா' என்ற கோப்புறையிலும் வைக்கும். அந்தக் கோப்புறை ஹோலுக்குள்ளேயே இருந்தது, ஹோலோடு போனது. இப்போது பிள்ளையின் பெயர் தெரிகிறது, விடைத்தாளின் பெயர் தெரிகிறது, அமத்தினால் ஒன்றும் இல்லை.

சரி, முதலில் ஏன் ஏறவில்லை? பழைய பதிவுக் குறிப்புகள் பழைய கொன்டெய்னரோடு அழிந்ததால் நாங்களே சோதித்தோம். போனில் எடுத்த படம் ஒன்றை லேபிலிருந்து ஏற்றினோம். 413 என்று பிழை. அனுப்பியது அளவுக்கு மிஞ்சிப் பெரியது என்று என்ஜின்எக்ஸ் தெளிவாகவே எழுதி வைத்திருந்தது. அது மாற்றாவிட்டால் 1 எம்பிக்கு மேல் விடாது. அதைத் தாண்டினால் பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பி என்று மறிக்கும். அதற்குப் பிறகு மூடிலின் சொந்த அளவு. மூன்று கதவு, எது சிறியதோ அதுதான் கணக்கு. இன்றைய போனில் ஒரு படமே 3, 4 எம்பி வரும். பிள்ளைகள் உண்மையைத்தான் சொன்னார்கள். வெட்டிய புள்ளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வகுப்பில் வைத்து மன்னிப்பும் கேட்டோம்.

"ஆசிரியருக்கு ஏன் சேவர் வேலை, வட்ஸ்அப் குரூப் போதாதா?" என்று கேட்கிறவர்களுக்கு: அந்தக் குரூப்பில் போன தவணை ஒப்படையைத் தேடி எடுத்துக் காட்டுங்கள், பேசுவோம்.

ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு ஏந்திச் சேர்த்த காசு இது. மீன் விற்கிறவரும் போட்டார், தையல் மெஷினில் உழைக்கும் உம்மாவும் போட்டார். அமானிதம். அதற்குக் கட்டட வேலையில் என்றால் நாம் எத்தனை கேள்வி கேட்போம்? கம்பி எத்தனை, சீமெந்து எத்தனை என்று எண்ணுவோம். கொம்பியூட்டர் என்றவுடன் வாயை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறோம். கொம்போஸ் கோப்பும் எல்லாப் பாஸ்வேர்டும் அதிபரின் அலுமாரியில் இருக்க வேண்டும், தரவுத்தளமும் மூடில்டேட்டாவும் இரண்டும் சேர்ந்து தினமும் வேறொரு இடத்துக்குப் பிரதி போக வேண்டும், அந்தப் பிரதியிலிருந்து தளத்தை எங்கள் கண் முன்னால் ஒருதரம் எழுப்பிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசித் தவணைக் காசு. இதைக் கேட்டால் நாங்கள் குழப்பக்காரர்களாம்.

அந்த விலைக் கடிதம் இன்னும் அதிபரின் மேசையில்தான் கிடக்கிறது. சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு லேபில் பிரதியிலிருந்து தளத்தை எழுப்பிப் பார்க்கப் போகிறோம். சங்கத்துக்காரர்கள் வாருங்கள். கடிதம் எழுதியவர்களையும் கூப்பிட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.