சதுப்புக்குள் இருப்பது மழைமானி அல்ல

நீலகிரியின் பழைய காலநிலை பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வரைபடம் தவறாமல் இருக்கிறது. ஒரு அச்சில் ஆழம், இன்னொன்றில் கார்பன்-13 விகிதம், ஓரத்தில் 'ஈரம்', 'வறட்சி' என்று இரண்டு அம்புக்குறிகள். அளந்தது கார்பனை, அம்புக்குறி சொல்வதோ மழையை. நடுவில் உள்ள படிகளை ஒரே பத்தியில் தாண்டிவிடுகிறார்கள். பல சமயம் அந்தப் பத்தியும் முந்தைய கட்டுரையிலிருந்து அப்படியே இறங்கி வந்ததுதான்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். சுண்ணாம்புக் குகையும் இல்லை, பொங்கூசிப் பாறையும் இல்லை. பனியாறு பற்றிப் பேச்சே இல்லை. மிஞ்சுவது 2,000 மீட்டருக்கு மேல், குன்றுகளின் இடுக்குகளில் கிடக்கும் சதுப்புகள். அவற்றின் பீட் மண்ணை வைத்து சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நால்வரும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். சோலை மரங்கள் ஒளிச்சேர்க்கையில் சி3 வகை, அவற்றின் கார்பன்-13 விகிதம் ஆயிரத்துக்கு மைனஸ் 27-ஐ ஒட்டி இருக்கும். வெப்பமண்டலப் புற்கள் பெரும்பாலும் சி4 வகை, மைனஸ் 13-ஐ ஒட்டி. இரண்டும் ஒரே பீடபூமியில் அடுத்தடுத்து வளர்வதால், மண்ணில் எது ஓங்கியிருந்தது என்று பார்த்தால் அந்தக் காலத்து ஈரம் தெரியும் என்பது அவர்கள் வாதம். கடைசிப் பனியுக உச்சத்தில் சி4 ஓங்கியது. ஹோலோசீனின் தொடக்கத்தில், சுமார் 9,000 ஆண்டுகள் என்று அவர்கள் குறித்த காலத்தில், சி3 ஏறியது. பிறகு மறுபடி வறட்சி. நான்கு ஆண்டுகள் கழித்து கரன்ட் சயின்ஸ் இதழில் ராஜகோபாலன் குழு இந்தப் பதிவை 40,000 ஆண்டுவரை நீட்டியது.

அந்த வேலை இன்றும் நிற்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளாக நாம் அதை மேற்கோள் காட்டிய அளவுக்குச் சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் சிக்கல் காற்று. பனியுக உச்சத்தில் வளிமண்டலக் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கை ஒட்டியே இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் அது 280. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால், மழை ஒரு துளி குறையாவிட்டாலும் சி4 புல்லுக்குத்தான் வாய்ப்பு. ஆகவே அந்தக் காலத்துச் சி4 ஏற்றத்தில் வறட்சியின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் வறட்சி என்று எழுதுவது பாதிக் கணக்கு. எதிர்ப்பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது: குளிர் சி3 புற்களுக்குச் சாதகம். உயரமான மேட்டில் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன.

இரண்டாவது சிக்கலை நம்மவர்கள் இன்னும் குறைவாகவே பேசுகிறார்கள். பீட் மண்ணில் இருக்கும் கார்பன் பெரும்பாலும் எங்கிருந்து வந்தது? எதிரே தெரியும் மலைச்சரிவிலிருந்து அல்ல, சதுப்பின் மேலேயே வளர்ந்து மடிந்த கோரையிலிருந்தும் புல்லிலிருந்தும். கோரைக் குடும்பத்தில் சி3-யும் உண்டு, சி4-உம் உண்டு. சதுப்பின் நீர்மட்டம் ஒரு முழம் இறங்கினால் மேலே வளரும் செடி மாறும். நீர்மட்டம் மழை குறைவதால் மட்டும் இறங்குவதில்லை. கீழ்முனையில் ஓடை கரையை அரித்துக்கொண்டாலும் இறங்கும். அப்போது வரைபடத்தில் ஒரு 'வறட்சி' தோன்றும், அந்த நூற்றாண்டில் மழை கொட்டியிருந்தாலும்.

மகரந்தம் இதைத் தீர்த்துவைக்கும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து பார்க்கலாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் மணலைக் கரைத்து, அசிட்டோலிசிஸ் முடித்து, கண்ணாடித் தகட்டில் 300 துகள்களை எண்ணும்போது, உருண்டையாக, விளிம்பு கட்டிய ஒற்றைத் துளையுடன் வந்துகொண்டே இருப்பது புல். எல்லாப் புல்லும் அதே முகம். சி3-யா சி4-ஆ என்று சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பிரிக்க முடியாது. சோலை மரங்கள் பலவும் பூச்சியை நம்பியவை, மகரந்தத்தைத் தாராளமாக உதிர்ப்பவை அல்ல. போதாததற்கு மலையேறும் காற்று அடிவாரத்து மரங்களின் மகரந்தத்தையும் மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் மகரந்தவியலாளர் தணிகைமணி வளர்த்தெடுத்த ஆய்வகமும் அதன் ஒப்பீட்டுத் தொகுப்பும் இல்லாவிட்டால் தென்னிந்தியாவில் இந்த வேலையே நடந்திருக்காது. ஆனாலும் சதவீத வரைபடத்தில் புல் 70 என்றால் மலையில் 70 சதவீதம் புல் என்று யாரும் படிக்கக் கூடாது. புல்லின் உள்வகையைக் கேட்க வேண்டுமானால் இலையின் சிலிக்கா நுண்துகள்களிடம் போக வேண்டும். ஐசோடோப் அளக்கும் அதே துண்டிலிருந்து அவற்றையும் எடுக்கலாம். செய்பவர்கள் சொற்பம்.

காலக்கணிப்புதான் என் பெரிய குறை. துளைமாதிரியை நீளவாக்கில் பிளந்தால் கரிய பீட்டுக்குள் வெளிறிய நூல்போல வேர்கள் இறங்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்காமல் அனுப்பினால் வயது இளமையாக வரும். காரத்தில் கரையும் ஹ்யூமிக் பகுதி நீரோடு கீழே நகரக்கூடியது. அதை அளந்தால் ஒரு வயது, கரையாத மிச்சத்தை அளந்தால் இன்னொரு வயது. எதை அளந்தார்கள் என்றே பல கட்டுரைகள் சொல்வதில்லை. இன்னொன்று: 1990-களின் நீலகிரித் தேதிகள் திருத்தப்படாத கதிரியக்கக் கார்பன் ஆண்டுகள். அந்த 9,000 இன்றைய திருத்தத்தில் ஏறத்தாழ 10,200. 20,000 என்பது 24,000. இதைக் கவனிக்காமல், யுரேனியம்-தோரியம் முறையில் நேரடி ஆண்டுக்கணக்கில் தேதியிட்ட ஓமன் குகைப் பதிவுகளின் பக்கத்தில் வைத்து, 'நீலகிரி ஆயிரம் ஆண்டு பிந்தியது' என்று காரணம் தேடும் கட்டுரைகள் எங்கள் மேசைக்கு வருகின்றன. பிந்தியது மலை அல்ல.

நீலகிரி ஒரே துண்டாகவும் நடந்துகொள்ளவில்லை. பனியுக உச்சத்துக்குப் பிறகு பீடபூமியின் வெவ்வேறு பகுதிகளில் காடும் புல்வெளியும் வெவ்வேறு விதமாக மாறின என்று கானரும் சக ஆய்வாளர்களும் 2007-இல் காட்டினார்கள். இதில் வியப்பில்லை. மேற்கு விளிம்பில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. கிழக்கே வடகிழக்குப் பருவமழைக்கும் பங்கு உண்டு. ஒரு சதுப்பில் எடுத்த பதிவுக்கு 'இந்தியப் பருவமழை வரலாறு' என்று தலைப்பிடும் துணிச்சல் இனி வேண்டாம்.

இது நமக்குள் நடக்கும் சண்டை மட்டுமல்ல. மலையுச்சிப் புல்வெளி உறைபனியால் நிலைத்த இயல்பான அமைப்பு என்று ரங்கநாதனும், தீயால் காடு பின்வாங்கிய மிச்சம் என்று தாவரவியலாளர் போரும் 1938-இல் எழுதினார்கள். புல்வெளி பனியுகத்திலேயே இருந்தது என்பதைப் பீட் பதிவு தெளிவாக்கிவிட்டது. கற்பூர மரத்தையும் சீகையையும் அகற்றிப் புல்வெளியை மீட்பவர்களுக்கு அது பெரிய பலம். ஆனால் 'இந்தச் சரிவில் முன்பு புல்லா, சோலையா?' என்று அவர்கள் கேட்கும்போது, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சதுப்பின் ஒற்றை வளைகோட்டை நீட்டினால் அது பதில் ஆகாது. அந்தச் சரிவின் மண்ணைத் தோண்டித்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழ் முதல் சில விதிகள். கதிரியக்கத் தேதி ஒவ்வொன்றுக்கும் ஆய்வக எண், ஆழம், அளந்த பகுதி, திருத்தாத வயது நான்கும் அட்டவணையில் இருக்க வேண்டும். எந்தத் திருத்தக் கோடு என்பதையும், இன்ட்கால்20-ஆ, தென்கோளக் கோட்டுடன் கலந்ததா, ஏன் என்பதையும் எழுத வேண்டும். 'ஈரம்', 'வறட்சி' அம்புக்குறிகள் தரவு வரைபடத்தில் இடம்பெறா. விவாதப் பகுதியில் தாராளமாக வாதாடலாம். எண்களைத் தனிக் கோப்பாகத் தர வேண்டும். பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் செய்து புள்ளி எடுக்கும் வேலை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம். மாதிரியின் பாதியைப் பிரிக்காமல் குளிர்பதனத்தில் வைத்திருப்பதாக உறுதியும் தர வேண்டும். பல சதுப்புகள் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களாகிவிட்டன. பைக்காரா, அவலாஞ்சி, மேல் பவானிப் பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி அணை நீருக்குள். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து முழு மாதிரியையும் அரைத்துவிடுபவர்களின் கட்டுரை மதிப்பீட்டாளரிடம் போகாது.