இலவசம் என்றார்கள், இப்போது கணக்குக் கேட்போம்!

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களே! கடைவீதி வணிகப் பெருமக்களே! 2016 செப்டம்பர் 5 நினைவிருக்கிறதா? அன்றுதான் முகேஷ் அம்பானியின் ஜியோ கடை திறந்தது. பேச்சு இலவசம், டேட்டா இலவசம், 2017 மார்ச் 31 வரை ஒரு பைசா வேண்டாம்! விளம்பரத்தில் பிரதமரின் படம் வேறு. சிம் வாங்க வரிசையில் நின்றவர்களில் நம்மவர்களும் உண்டு.

எதிர்க்கடைக்காரர் ஏழு மாதம் அரிசியைச் சும்மா கொடுத்தால் உங்கள் மளிகைக்கடை என்னவாகும்? அதுதான் நடந்தது. தமிழ்நாட்டிலும் புதுவையிலும் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018இல் திவாலானது. அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. இன்று தனியாரில் எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று!

மதீனாச் சந்தையில் ஹாதிப் (ரலி) உலர்ந்த திராட்சையை மலிவாக விற்றபோது, விலையைக் கூட்டும்படியும் இல்லையேல் சந்தையை விட்டு வெளியேறும்படியும் உமர் (ரலி) சொன்னதாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. (உமர் பின்னர் அதைத் திரும்பப் பெற்றதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது.) எப்படியாயினும் அங்கே ஆட்சியாளர் சந்தைக்குள் நடந்துபோய்க் கேள்வி கேட்டார். இங்கே? ஜியோ புதிதாக வந்தது, ஆதிக்க நிலையில் இல்லை என்று சொல்லி, ஏர்டெல் கொடுத்த புகாரை 2017 ஜூனில் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது.

ஏர்டெல் மட்டும் உத்தமனா? 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூவரும் சில நாட்கள் இடைவெளியில் விலை ஏற்றினார்களே! 239 ரூபாயாக இருந்த ஜியோ திட்டம் 2024இல் 299 ஆனது. அதுவும் முழு மாதத்துக்கா? 28 நாளுக்கு! ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ். ஒரே ஆண்டில் 780 ரூபாய் கூடுதல். அளவில் குறைப்போரைக் கண்டிக்கத் தனி அத்தியாயமே இறங்கிய வேதத்தைப் படிக்கும் நமக்கு இது உறைக்க வேண்டாமா? 30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022இல் ட்ராய் சொன்னது. வைத்தார்கள், ஆனால் பல திட்டங்கள் 28லேயே நிற்கின்றன!

2024இல் விலையேற்றாத பி.எஸ்.என்.எல்.லுக்குப் பல லட்சம் பேர் மாறினர். ஆனால் தனியார் 2012லேயே தொடங்கிய 4ஜிக்கான அலைக்கற்றையை, அரசு தன் சொந்த நிறுவனத்துக்கு ஒதுக்க முடிவெடுத்தது 2019இல்தான். நாடு தழுவிய தொடக்கம் 2025 செப்டம்பரில்! கையைக் கட்டிவிட்டு நீந்தவில்லை என்று பழிப்பது எந்த ஊர் நியாயம்?

புதுவை நாடாளுமன்ற உறுப்பினரிடமும் ட்ராயிடமும் வணிகர் சங்கங்கள் கையெழுத்திட்டு இரண்டே கோரிக்கைகளை வைக்கட்டும்: எல்லாத் திட்டமும் 30 நாள்; தொழிற்பேட்டைப் பகுதியில் பி.எஸ்.என்.எல். 4ஜி தடையின்றிக் கிடைக்க வேண்டும்.