காலண்டர் படம் என்ற வசை

ஓவியம் பற்றிப் பேச மேடையேறும் பலரிடம் ஒரு வசை தயாராக இருக்கிறது: ‘வெறும் காலண்டர் படம்.’ பல ஆண்டுகளாக அலுக்காமல் சொல்லிவருகிறார்கள். திருத்தணி மலையடிவாரத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கும் வள்ளி தெய்வானை சமேத முருகன் படத்தை இவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் பாரிஸ் ஓவியர் துலூஸ்-லோத்ரெக் பெயரைச் சொன்னால் மேதை என்பார்கள். அவர் போட்டதும் கல்லச்சுப் படம்தான். மூலாம் ரூஜ் கேளிக்கை அரங்கின் ஆட்டக்காரி லா கூலுவை வைத்து 1891இல் அவர் செய்தது தெருச் சுவரில் ஒட்டிய விளம்பரம். சுமார் 3,000 படிகள் அச்சாயின.

விற்பனைக்குச் செய்தது கலையாகாது என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. மூலாம் ரூஜும் டிக்கெட் விற்கத்தான் அதைக் கேட்டு வாங்கியது. காலண்டர் படங்களுக்கு முன்னோடியான ஓவியர் ரவிவர்மா மேல்நாட்டுப் பாணியை இரவல் வாங்கினார் என்கிறார்கள். லோத்ரெக்கும் ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளிலிருந்து தட்டையான வண்ணத்தையும் அழுத்தமான கோட்டையும் எடுத்துக்கொண்டவர்தான். அங்கே அதற்குப் பெயர் துணிச்சல்.

‘நாடகத்தனம்’ என்ற குற்றச்சாட்டுதான் எல்லாவற்றிலும் அநியாயமானது. ரவிவர்மாவைப் பற்றிக் கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி சொன்ன இந்தக் குறையை நூறாண்டாக நம்மவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். சாமிப் படங்கள் வரைந்த கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர் என்பதும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. லோத்ரெக் எங்கே உட்கார்ந்து வரைந்தார்? ஆட்டமும் பாட்டும் நடந்த கூடங்களில். பாடகி இவெத் கில்பேரைப் பற்றி 1894இல் வந்த கல்லச்சுத் தொகுப்பைப் பாருங்கள்: நீண்ட கறுப்புக் கையுறை, தூக்கிய மோவாய், மேடையின் முன்விளக்கு கீழிருந்து அடித்துக் கோணலாக்கிய முகம். அதற்கு முந்தைய ஆண்டின் ‘திவான் ஜபோனே’ சுவரொட்டியில் அவர் தலை படத்துக்கு வெளியே போய்விடுகிறது. கையுறையை வைத்தே ஆளை அடையாளம் கண்டார்கள். மேடை கற்றுக்கொடுத்த ஒளியும் தோரணையும் இவை. கொண்டையராஜுவும் மேடையிடம்தான் படித்தார். அவர் படங்களில் சாமிக்குப் பின்னால் ஏரியும் மலையும் நாடகத் திரைபோல விரிகின்றன. ஒளி மட்டும் கீழிருந்து வராமல் நேர் எதிரிலிருந்து விழுகிறது. முகத்தில் கோணல் நிழல் விழ விடமாட்டார். கும்பிட வருபவரின் கண்ணைச் சாமியின் கண் சந்திக்க வேண்டும். பாரிஸ் ஓவியருக்கு இந்தத் தேவையே இருந்ததில்லை. மேடையில் கற்றதைப் பூசை அறைக்கு ஏற்ப மாற்றியவரிடம் கற்பனை இல்லை என்று எப்படிச் சொல்ல முடிகிறது? எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் என்று குறைப்படுபவர்களும் இதை யோசிக்கட்டும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இலக்கணத்துக்கு உட்பட்டு வார்த்தவைதாம்.

லோத்ரெக் தன் கையாலேயே கல்லில் வரைந்தார், பிரஷ்ஷால் மையைத் தெறித்துப் புள்ளியிட்டார். நம் ஓவியர்களோ வரைந்து கொடுத்ததோடு சரி, அச்சகத்தில் வேறு கைகள்தாம் வேலை செய்தன என்பார்கள். உண்மைதான். ஜப்பானிய மரக்கட்டை அச்சு ஓவியர் உதமாரோவும் வரைந்து கொடுத்தவரே. கட்டையைச் செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. அதற்காக அவரை யாரும் கீழே இறக்கவில்லை.

1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இந்தப் படங்களுக்கு அந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வருபவர்களும் இங்கே படம் வாங்கிப் போகிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத வீட்டிலும் அது விளக்குக்குப் பின்னால் நிற்கிறது. சட்டம் போடும்போது ஓரத்திலிருக்கும் ஓவியரின் கையெழுத்து மரத்துக்கு அடியில் மறைந்துபோகலாம். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் தொழில். கலையைப் பற்றி எழுதுவதே தொழிலாக இருப்பவர்கள் அந்தப் பெயரைக்கூடத் தேடிப் படிக்காமல் தீர்ப்பு எழுதுவதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?