டிக் டிக் சத்தமும் ஒரு வாளிச் சாம்பலும்

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் பானெட்டுக்கு அடியிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று வரும். ஐந்து, பத்து நிமிடம் ஓடினால் நின்றுவிடும். "சூடானா சரியாயிடுது" என்று நாமும் மறந்துவிடுவோம்.

சூடானால் சரியாவதுதான் இதில் உள்ள ஏமாற்று. என்ஜினிலிருந்து புகையை வாங்கி எக்ஸோஸ் குழாய்க்கு அனுப்பும் இரும்புக் கைபோன்ற பாகம் மேனிபோல்ட். அதில் ஒரு விரிசல் விழுந்தால், வண்டி குளிர்ந்திருக்கும்போது அதன் வழியாகப் புகை பீறிடும். அந்தச் சத்தம்தான் நமக்குக் கேட்பது. இரும்பு சூடாகி விரிந்ததும் விரிசலின் வாய் ஒட்டிக்கொள்ளும், சத்தம் அடங்கும். ஆனால் முழுக்க அடைபடாது. மலை ஏறும்போது, பாரம் இழுக்கும்போது, கசிந்துகொண்டேதான் இருக்கும்.

என் தங்கை குடும்பம் பாலிங்கில் இருக்கிறது. கொஞ்சம் பால்மரம், கொஞ்சம் டுரியான். மாப்பிள்ளையிடம் இருபது வயதைத் தாண்டிய நான்கு சக்கர இழுவை டீசல் வண்டி ஒன்று. வாரநாளில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடும். வாரக் கடைசியில் சாமான் ஏற்றிக்கொண்டு பெங்காலான் உலு மலைப்பாதையில் ஏறும். அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அதைவிட என்னை யோசிக்க வைத்தது தங்கை சொன்ன ஒரு வார்த்தை: "சின்னவளுக்குக் கார் ஒத்துக்கலண்ணே, கொஞ்ச நாளா ஏறினாலே தலைவலிங்குறா."

வண்டியில் ஏறி ஏர்கோனைப் போட்டேன். மெல்லிய டீசல் புகை நாற்றம் வந்தது. அவர்கள் மூக்குக்கு அது பழகிப் போயிருந்தது.

வண்டிக்குள் வெளிக்காற்று வரும் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் ஓரத்தில் இருக்கும். பானெட்டுக்குள் கசியும் புகை நேராக அந்த வாய்க்குத்தான் போகும். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் வண்டியைவிடக் குறைவுதான். ஆனால் கரித்தூளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் பிள்ளையின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், நான் டாக்டர் இல்லை. தலைவலி நிற்காவிட்டால் கிளினிக்குக் காட்டச் சொன்னேன். ஆனால் பிள்ளைகள் உட்கார்ந்து போகும் இடத்தில் இந்த நாற்றம் இருக்கவே கூடாது என்று சொல்ல டாக்டர் படிப்பு வேண்டியதில்லை.

மாப்பிள்ளை தயங்கினார். "டீசல் விலையே கழுத்தைப் பிடிக்குது மச்சான், இதுல மேனிபோல்ட் வேறயா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனதை மறக்க முடியுமா? தகுதி உள்ளவர்களுக்கு 2024இல் 'புடி மடானி' உதவி மாதம் 200 வெள்ளியாக இருந்தது. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் டர்போ உள்ள வண்டியில் விரிசல் விழுந்தால் செலவு இன்னும் கூடும். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வழியிலேயே வெளியேறிவிடுகிறது. காற்று குறையும், இழுவை குறையும், கால் இன்னும் அழுத்தும், கறும்புகை கூடும்.

சந்தேகம் இருந்தால் ஓர் ஊதுபத்தி போதும். இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, பெல்ட், விசிறி பக்கம் போகாமல், மேனிபோல்ட் ஓரமாக ஊதுபத்தியைக் காட்டுங்கள். கசியும் இடத்தில் புகை துடிக்கும். டீசல், எண்ணெய் ஈரம் தெரிந்தால் மட்டும் பத்தியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பிறகு என்ஜினை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த இடத்தில் கரி விசிறிபோல் படிந்திருக்கும். மாப்பிள்ளை வண்டியில் மூன்றாவது சிலிண்டர் கிளை, கூட்டுக் குழாயோடு சேரும் மூலையில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு விரிசல்.

ஏன் வெடிக்கிறது? நம் வீட்டு அம்மாக்களுக்கு இதற்குப் பதில் தெரியும். வார்ப்பிரும்புத் தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருக்கும்போது குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும்? மேனிபோல்டும் பெரும்பாலும் அதே வார்ப்பிரும்புதான். வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வளையத் தெரியாது. மலை ஏறும் டீசல் வண்டியில் அங்கே 600 டிகிரிக்கு மேல் போகும். 45 சென்டிமீட்டர் நீளமுள்ள வார்ப்பிரும்பு 550 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளும். அது இறுக்கப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து 90 டிகிரியை ஒட்டி நிற்பதால் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் நீளும். ஆக, ஒவ்வொரு பயணத்திலும் மேனிபோல்ட் ஹெட்டின் மேல் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். அதற்காகத்தான் அதன் ஓட்டைகளைப் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நம் ஆட்களின் 'நல்லா இறுக்கிடு' பழக்கம் காலை வாருகிறது. நட்டை அளவுக்கு மேல் இறுக்கினாலும், துருப்பிடித்துக் கட்டிக்கொண்டாலும் அந்த இரும்பால் நகர முடியாது. அப்போது ஓரத்து ஸ்டட் அறுந்துபோகும், இல்லாவிட்டால் மேனிபோல்டே வெடிக்கும். சூடான என்ஜினில் தண்ணீர் அடித்துக் கழுவுவது இன்னொரு கெட்ட பழக்கம். தோசைக்கல் கதைதான்.

எஸ்டேட் பட்டறையில் வெல்டிங் பிடித்தவன் நான். அதனால் இதை வீட்டிலேயே செய்வோம் என்றேன். உங்களுக்கு வார்ப்பிரும்பு ஒட்டிப் பழக்கம் இல்லையென்றால் ஒட்டுவதை மட்டும் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கழற்றிக் கொடுத்து, திரும்ப மாட்டிக்கொண்டாலே கூலியில் பெரும்பங்கு மிச்சம், ஏனென்றால் இந்த வேலையில் நேரம் தின்பது கழற்றுவதுதான். வண்டியில் இருக்கும்போதே மேலோட்டமாக ஒட்டித் தருகிறேன் என்று எந்தப் போமன் சொன்னாலும் கேட்காதீர்கள். பக்கத்தில் டீசல் குழாய் ஓடுகிறது. விரிசலின் பின்பக்கத்தையும் பார்க்க முடியாது.

கழற்றுவதற்குப் பொறுமைதான் பெரிய ஸ்பானர். பேட்டரியின் மைனஸ் கம்பியை எடுத்துவிட்டு, இரண்டு இரவு தொடர்ந்து நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்தோம். மூன்றாம் நாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்பினோம். 'கிறீச்' என்று முனகினால் நிறுத்தி மறுபடி எண்ணெய். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாய்களைக் கழற்றியதும் வாயைச் சுத்தமான துணியால் கட்டிவிட வேண்டும். அங்கே விழும் ஒரு மணல் துகள் டர்போவையே தின்றுவிடும். இத்தனை செய்தும் கடைசி ஸ்டட் முறிந்தது. முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங்கில் ஒட்டினால், அந்தச் சூட்டிலேயே துரு இளகி ஸ்டட் கழன்று வரும். நல்ல வேளை, வந்தது.

விரிசல் கண்ணுக்குத் தெரிவதோடு முடிவதில்லை. எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, துடைத்து, மேலே சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். உள்ளே ஊறிய எண்ணெய் வெள்ளைத் தூளில் ஒரு கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். நான்கு சென்டிமீட்டர் என்று நினைத்தது ஆறாக இருந்தது. இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். கூர்மையான முனை இருந்தால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். வட்ட ஓட்டைக்கு வந்தால் நின்றுவிடும். அப்புறம் விரிசல் நெடுக கிரைண்டரால் 'வி' வடிவத்தில் பள்ளம்.

கடையில் கிடைக்கும் எக்ஸோஸ் பசை போதாதா என்று மாப்பிள்ளை கேட்டார். ஊருக்கு வந்து சேர உதவும், ஊர் சுற்ற உதவாது. பித்தளைப் பற்றும் இந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும். சாதாரண இரும்பு ராட் வைத்து ஒட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆறும்போது ஒட்டுக்குப் பக்கத்திலேயே 'டிங்' என்று புது விரிசல் விழும். வார்ப்பிரும்பில் உள்ள மிகுந்த கரி அந்த ஒட்டைக் கண்ணாடிபோல் ஆக்கிவிடுவதுதான் காரணம். வேண்டியது நிக்கல் ராட். விலை கூட, ஆனால் மென்மையாக இருக்கும். இரும்பு சுருங்கும்போது விட்டுக்கொடுக்கும்.

செங்கல் அடுக்கிக் கரி அடுப்பு மூட்டி, மேனிபோல்டை முழுசாக அதில் சூடேற்றினோம். பழைய எண்ணெயும் கரியும் எரிந்து புகையட்டும், எரியாவிட்டால் ஒட்டில் குமிழ் விழும். 250 டிகிரிக்கு மேல் வந்ததும், ஒரு விரல்கட்டை நீளம் மட்டும் ஒட்டுவது, உடனே சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுவது, சூடு குறைந்தால் திரும்ப அடுப்பில் வைப்பது, பிறகு அடுத்த விரல்கட்டை. தட்டுவது அலங்காரத்துக்கு இல்லை. ஆறும் உலோகம் சுருங்கி இழுக்கும், தட்டினால் அந்த இழுப்பு தளரும். ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஆகாது. திறந்த வெளியில், முகமூடியோடு செய்யுங்கள். நிக்கல் புகை நுரையீரலுக்கு ஆகாது.

அதற்குப் பிறகுதான் சாம்பல். அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ரப்பர் தகடுகளைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் பால்மர விறகு எரியும். அந்தச் சாம்பலை வாளி வாளியாக எங்கள் பட்டறை மூலையில் கொட்டி வைத்திருப்போம். உடைந்த வார்ப்பு எது வந்தாலும் ஒட்டி முடித்து அந்தக் குவியலில் புதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். விறகுச் சாம்பல் சூட்டை வெளியே விடாது. இரும்பு மெல்ல மெல்ல ஆறும், எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்கும். இப்போது அந்தக் கூடமும் இல்லை, அந்தக் குவியலும் இல்லை. தங்கை வீட்டு விறகடுப்பில் சேர்த்து வைத்த சாம்பல் ஒரு பெரிய வாளி கிடைத்தது. ஈரம் இல்லாமல் சலித்து, மேனிபோல்டைச் சுற்றிலும் மூடும்படி கொட்டினோம். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்தபோதும் கையில் வெதுவெதுப்பு இருந்தது.

ஆறியதும் மறுபடி சுண்ணக்கட்டிப் பரிசோதனை. கோடு இல்லை. ஆனால் ஹெட்டோடு ஒட்டும் முகத்தில் நேர்கோலை வைத்துப் பார்த்தால் ஓரத்தில் இடைவெளி தெரிந்தது. இத்தனை வருட வெப்பத்தில் அது வளைந்திருந்தது. அப்படியே மாட்டினால் புது கேஸ்கட்டும் ஒரு மாதத்தில் ஊதிவிடும். சுங்கைப்பட்டாணியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்து அந்த முகத்தைச் சமமாகச் சீவி வாங்கினோம். வீட்டில் செய்ய முடியாத ஒரே வேலை அதுதான்.

மாட்டும்போது புது கேஸ்கட், புது ஸ்டட், புது நட். மறைகளில் சூடு தாங்கும் செம்புப் பசை தடவினால் அடுத்த முறை கழற்றுபவன் உங்களை வாழ்த்துவான். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி, அந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பானரால் மட்டுமே இறுக்க வேண்டும். மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் நீளக் குழாயை ஸ்பானரில் செருகப் போனார். குழாயை வாங்கிக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் போட்டேன்.

செலவு: நிக்கல் ராட், கேஸ்கட், ஸ்டட்டுகள், லேத் கூலி. புது மேனிபோல்டுக்குக் கேட்ட விலையில் பாதிகூட ஆகவில்லை. எங்கள் இரண்டு பேர் கூலியைச் சேர்க்கவில்லை, தங்கை போட்ட கோழிக்கறிச் சோற்றையும் சேர்க்கவில்லை.

எல்லா மேனிபோல்டும் இப்படி ஒட்டத் தகுதியானதல்ல. விரிசல் டர்போ உட்காரும் முகத்துக்குள் ஓடியிருந்தாலோ, இரண்டு மூன்று இடத்தில் வெடித்திருந்தாலோ, முன்பே யாரோ ஒட்டி மறுபடி விட்டிருந்தாலோ நேரத்தை வீணாக்காமல் வேறு வாங்குங்கள். கெடாய் பொத்தோங்கில் வாங்குவதானால் மண்ணெண்ணெயும் ஒரு சுண்ணக்கட்டியும் கையோடு கொண்டுபோய் அங்கேயே பூசிப் பாருங்கள். தவுக்கே முறைப்பார், முறைக்கட்டும். மாப்பிள்ளைக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்: இந்த ஒட்டு எவ்வளவு நாள் நிற்கும் என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது, நல்லதாக ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை, ஆறிய வண்டியில் அதே ஊதுபத்தி.