நந்தி விலகியது, வாசல்?

அன்பான கடவுள் ஒருவர் இருந்தால் தேடி வருகிறவரிடம் ஏன் ஒளிந்துகொள்கிறார்? கனடாவைச் சேர்ந்த மெய்யியலாளர் ஷெல்லன்பெர்க் 1993இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். ஒளிந்திருப்பதே அவர் இல்லை என்பதற்குச் சான்று என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனால் தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே, வாலாஜாபேட்டையில் உட்கார்ந்து அதைப் படித்த எனக்கு நந்தன்தான் நினைவுக்கு வந்தார்.

பெரியபுராணத்து நந்தன், கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். தோல் உள்ளே போனது. கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் சிவன் நந்தியை விலகச் சொன்னார், அவ்வளவுதான். நந்தன் நின்ற இடம் மாறவில்லை. தில்லையில் ஒளிவுமறைவே இல்லை: நந்தன் கனவிலும் வந்தார், தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வந்தார். அவர்களிடம் என்ன சொன்னார்? தீ மூட்டச் சொன்னார். (கதவைத் திறங்கள் என்று சொல்ல அதே கனவு போதாதா?) நந்தன் பூணூலோடு எழுந்தார் என்கிறது புராணம். எரித்தார்கள் என்கிறோம் நாம்.

ஆக, வெளிப்பட்ட கடவுளும் சாதியின் பேச்சைத்தான் பேசினார். அவர் வாயில் அதை வைத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி.

2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் நுழைவதை ஆதிக்க சாதியினர் எதிர்த்ததால் திரௌபதி அம்மன் கோயிலுக்கே வருவாய்த் துறை சீல் வைத்தது. அம்மன் மாதக்கணக்கில் பூட்டுக்குள் இருந்தாள். ஷெல்லன்பெர்க் பேசும் மறைவில் இந்த வகை இல்லை. கடவுள் ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று கேட்கும் தோழர்களே, உங்கள் ஊர்க் கோயிலின் சாவி யாரிடம் இருக்கிறது?