வசை நீங்கட்டும், பெயர் காக்கப்படட்டும்!

பெயரை மறைத்து எழுதுகிறவன் கோழை என்று சிலர் கூறுகிறார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. கூலி பாக்கியைப் பற்றி எழுதிய தொழிலாளியின் பெயர் காண்ட்ராக்டருக்குத் தெரிந்துவிட்டால், மறுநாள் அவனுக்கு வேலையும் இல்லை, தங்கும் கொட்டகையும் இல்லை.

பெயரோடு எழுதியவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் கடையடைப்பு. இது எதற்கு என்று முகநூலில் கேட்டார், பால்கர் ஊரைச் சேர்ந்த ஓர் இளம்பெண். அதற்கு லைக் போட்டார் அவருடைய தோழி. இருவரையும் போலீஸ் கைது செய்தது. உறவினரின் கிளினிக் அடித்து நொறுக்கப்பட்டது. இத்தகைய கைதுகளுக்குக் கைகொடுத்த 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கமும் அடிப்படை உரிமையே என்றனர்.

ஆனால், பெண்களையும் சாதியையும் இழித்து எழுதும் கயவனும் அதே திரைக்குள்தான் ஒளிகிறான். இதை நாம் மறுக்கவில்லை. அதற்காகத் திரையையே கிழித்தால் முதலில் அகப்படுபவன் ஏழைதான்.

நம் இதழுக்கு வரும் கடிதங்களில் வசை இருந்தால் அச்சிடுவதில்லை. பெயர் வேண்டாம் என்றால் வெளியிடுவதில்லை. பெரிய நிறுவனங்களுக்கும் அதே நியாயம்தான். 2021 விதிகள் கோரும் குறைதீர் அதிகாரி, தமிழில் வரும் புகாரையும் கேட்டு, வசையை உடனே நீக்க வேண்டும். கொலை மிரட்டலா? நீதிமன்றம் கேட்டால் பெயரைக் கொடுக்கட்டும். முதலாளி கேட்டாலும் கட்சிக்காரர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

தண்டனை வசைக்கு, பாதுகாப்பு உழைப்பவனின் வாய்க்கு. இதுவே நம் கோரிக்கை!